இழுப்பறை கவ்விய முனை

ஒரு படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நின்று இழுத்து ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு ஒருத்தி நின்ற இடத்தில் நிற்க, மற்றவள் நடந்து வந்து தன் கையிலிருக்கும் முனைகளை அவள் கையில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு நானூறு விரிப்பு. அதாவது நானூறு தடவை ஒருத்தி இன்னொருத்தியிடம் நடந்து வருகிறாள். பத்தொன்பது வருஷமாக அப்படி நடந்து வந்தவள், தன் ஜோடிக்காரி நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு படுத்த பிறகு நாலு மாசத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால், படுத்திருப்பவளுக்கு எப்படி இருக்கும்?

தழும்பு ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

மடிப்புக்காரி என்றுதான் தெருவில் அவளைச் சொல்வார்கள். ஆள் குள்ளம். ஜோடிக்காரியோ ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நெட்டை என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. இருவரும் எதிரெதிரே பிடித்தால் விரிப்பு சரிவாக நிற்கிறது என்று மேஸ்திரி ஒரு தடித்த பலகையைக் கொண்டுவந்து போட்டார். மடிப்புக்காரி அதன்மேல் ஏறி நிற்பாள். "பாத்துடி, தவறி விழுந்தா அழுக்கோட சேத்து உன்னையும் வெளுத்துப் போட்டுருவாங்க" என்று நெட்டை தினமும் ஒரு தடவை சொல்வாள். தினமும் ஒரு தடவை இவள் சிரிப்பாள். புதிதாகச் சொல்ல எதுவும் தேவைப்படாத சிநேகம் அது.

அவர்களுக்கென்று ஒரு பழக்கமும் இருந்தது. விரிப்பின் ஓரத் தையல் தடிப்பாக இருக்கும். மற்ற ஜோடிகள் அது எப்படி வந்தால் என்ன என்று மடித்து அடுக்குவார்கள். இவர்கள் தையலின் தடிப்பு உள்பக்கம் போகும்படி பார்த்து மடிப்பார்கள். அப்படி மடித்ததை யார் விரித்தாலும் தையல் தானாகக் கீழ்ப்பக்கம் போய்விடும்; படுத்திருப்பவர் கணுக்காலில் உரசாது.

"இது யாருக்குத் தெரியப்போகுது?" என்று மேஸ்திரி ஒருநாள் கேட்டார்.

"படுத்திருக்கிறவங்க காலுக்குத் தெரியும்" என்றாள் நெட்டை.

மடிப்புக்காரிக்கு நெஞ்சு நோவு வந்ததைக்கூட முதலில் கண்டுபிடித்தவள் நெட்டைதான். அன்று காலையிலிருந்து இவளுக்குத் தாடை வலித்தது. தோள்பட்டைக்கு நடுவே யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போலிருந்தது. பல்வலி ஒன்று, வாயு ஒன்று என்று இவளே இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வேலையில் நின்றாள். பத்து மணி சுமாருக்கு, எதிர்முனையில் நெட்டை சட்டென்று நின்றாள்.

"ஷீட்டு தொய்யுது. உன் பக்கம் இழுப்பே இல்லையே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, பல்லு வலிக்குது."

"பல்லு வலிச்சா கை ஏன்டி தொய்யுது?"

அவ்வளவுதான். நெட்டை கையிலிருந்த விரிப்பை அப்படியே தரையில் போட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு வெளுத்த துணி தரையைத் தொட்டது அன்றைக்குத்தான். இவளைத் தூக்கித் தோளில் சாய்த்து, வாசலில் நின்ற அழுக்குத்துணி வேனில், மூட்டைகள் மேல் படுக்கவைத்து, டிரைவரை விரட்டினாள். "அழுக்கு மூட்டை மேலயாடி என்னைப் போடுவ?" என்று இவள் முனகியதற்கு, "மகாராணிக்குப் பல்லக்கு வர லேட்டாகுமாம், படு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். இன்னும் அரைமணி கழித்து வந்திருந்தால் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார் டாக்டர்.

அப்படிப்பட்டவள்தான் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே தங்கச்சி வந்துவிட்டாள். மடிப்புக்காரியின் புருஷன் காலமாகிப் பல வருஷமாகிறது. ஒரே மகன், தூரத்து ஊரில் வேலை. வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, "சித்தி இருக்காங்க, எனக்குக் கவலையில்ல" என்று கிளம்பினான். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. அம்மா செத்தபோது தங்கச்சிக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினைந்து. தலை பின்னி, சோறு ஊட்டி, எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்து வளர்த்தது இவள்தான். கல்யாணம் செய்துவைத்த புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, தங்கச்சி அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். இப்போது அக்காவுக்கு ஒன்று என்றதும் ஒரே ஒரு துணிப்பையோடு ஓடி வந்தாள். இதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் தங்கச்சிதான் கேட்டுக்கொண்டாள். மடிப்புக்காரிக்கு அப்போது மருந்து மயக்கம். வீடு வந்ததும் தங்கச்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடக்கக் கூடாது. அதிகம் பேசக் கூடாது. ஆளுங்க வந்து உட்கார்ந்து அழுது பேசினால் நெஞ்சு படபடக்கும், அதனால் யாரையும் பார்க்கக் கூடாது. போன் ஆகவே ஆகாது. இவளுடைய போனை அணைத்துத் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். மகன் பேசினால் தங்கச்சியின் போனில் ரெண்டே நிமிஷம்.

வீடு என்பது இரண்டு அறை. ஜன்னலோரம் மடிப்புக்காரியின் நாற்காலி. வாசல் கதவருகே ஒரு முக்காலி, அதில் தங்கச்சி. காய் நறுக்குவது, துணி தைப்பது எல்லாம் அந்த முக்காலியிலேயே நடக்கும். யாராவது கதவைத் தட்டினால் ஒரு விரல் அளவு திறந்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிச் சாத்திவிடுவாள். "யாரு?" என்று இவள் கேட்டால், "தண்ணிக்காரன்", "மேல்வீட்டுக்கு வந்தவங்க, தெரியாம தட்டிட்டாங்க" என்று பதில் வரும்.

அன்றைக்கு நாலாவது மாசத்துப் பரிசோதனை. வெளியே விடாமல் மழை தூறிக்கொண்டிருந்தது. மடிப்புக்காரி நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தாள்.

"அக்கா! எந்திரிக்காத, நான் வரேன் இரு."

"பாத்ரூமுக்குத்தான்டி."

"அதுக்கும்தான் பிடிச்சுக்கச் சொல்லியிருக்காங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு தச்சு விட்டிருக்காங்க, நீ பாட்டுக்கு நடந்து பிச்சுக்கிறதுக்கா?"

நாலு எட்டு வைப்பதற்குள் கால் நடுங்கியது. உட்கார்ந்தே கிடந்ததில் தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்குத் தங்கச்சி ஒரு ஆரஞ்சை உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாகக் கையில் கொடுத்தாள். சனிக்கிழமை தவறாமல் ஆரஞ்சு வரும். நல்ல ஆரஞ்சு, பொறுக்கி வாங்கியது தெரியும்.

"உனக்கு வேண்டாமா?"

"நீ சாப்பிடு. உனக்குன்னு வாங்கினது."

இவள் ஒரு சுளையைப் பிரித்துத் தங்கச்சி வாயில் வைத்தாள். பழைய பழக்கம். தங்கச்சி மென்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெட்டையை எங்கயாவது பாத்தியா?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன மாசமே சொன்னேன்ல. கடைவீதில பாத்தேன். புதுசா ஒரு சின்னப் பொண்ணு கூட ஜோடி சேந்துட்டாளாம். ரெண்டும் தோள்ல கை போட்டுட்டுப் போகுதுங்க. என்னைப் பாத்ததும் பாக்காத மாதிரி திரும்பிட்டா."

"என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேக்கிறவளா இருந்தா கேட்டிருக்க மாட்டாளா? வேலை செய்யிற வரைக்கும்தான் அக்கா எல்லாரும். படுத்தா, பெத்ததும் கூடப்பிறந்ததும்தான்."

 கடவுளே, அவள் நல்லாயிருக்கட்டும் என்று மடிப்புக்காரி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தை வந்தது, மனசு கூட வரவில்லை. அதற்காகவும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எப்போதும் போல இவளைச் சக்கர நாற்காலியில் வராந்தாவில் நிறுத்திவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு தங்கச்சி உள்ளே போகப் பார்த்தாள். போன இரண்டு தடவையும் அப்படித்தான். கூட்டமாயிருக்கிறது, நான் கேட்டுட்டு வரேன் என்று போய், மருந்துச் சீட்டோடு திரும்புவாள். இந்தத் தடவை கதவில் தடித்த கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருத்தி நின்றாள்.

"இன்னைக்கு நடைப் பரிசோதனைம்மா. பேஷண்ட் மட்டும் வரட்டும்."

"அவங்களால நடக்க முடியாதும்மா, நான் வேணா..."

"உங்களை நடக்கவிட்டு அவங்க நெஞ்சை எப்படிம்மா பாக்கிறது?" என்று சிரித்தாள் நர்ஸ். "நீங்க இங்க உக்காருங்க."

உள்ளே நீளமான நடை. இரண்டு கோடியிலும் சிவப்புப் பட்டை. ஆறு நிமிஷம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு நிமிஷம் ஆவதற்குள் மடிப்புக்காரிக்கு மூச்சு இரைத்தது. இரண்டாவது நிமிஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கைத்தாங்கலாக உட்காரவைத்துக் காகிதத்தைப் புரட்டினாள்.

"ஏம்மா, நெஞ்சு நல்லா இருக்கு. படம், ரத்தம் எல்லாம் நல்லா வந்திருக்கு. கால்தான் செத்துப் போயிருக்கு. தினம் எவ்வளவு நேரம் நடக்கறீங்க?"

"நடக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே?"

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "யாரு சொன்னது?"

"நீங்கதான்... டாக்டர்தான். வீட்டுக்கு அனுப்பும்போது."

"வீட்டுக்கு அனுப்பும்போது உங்க தங்கச்சிகிட்ட சொன்னது நான்தான். அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு அரைமணி வரைக்கும் நடக்கணும். கனம் மட்டும் மூணு மாசம் தூக்கக்கூடாது. எல்லாத்துக்கும் மேல தனியா உக்காந்து மறுகக் கூடாது, நாலு பேரோட இருக்கணும், சிரிக்கணும். அதுக்குத்தானே செவ்வாய்க்கிழமை தோறும் இங்க கூட்டமே வைக்கிறோம். உங்களை மாதிரி நெஞ்சு நோவு வந்த பொம்பளைங்க பதினாலு பேர். ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சுட்டு நடப்பாங்க, பேசுவாங்க, மாமியாரைத் திட்டுவாங்க. உங்க தங்கச்சி போனுக்கு மூணு தடவை கூப்பிட்டேனே! நீங்கதான் விருப்பமில்லைன்னு சொல்லிட்டீங்களாமே?"

மடிப்புக்காரி நர்ஸ் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தாள். 

"படுங்க முதல்ல. முகம் வெளுக்குது" என்று நர்ஸ் ஆயாவைக் கூப்பிட்டாள். ஆயா அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துக் கட்டிலில் உதறப் போனாள்.

"அம்மா, உதறாத. அதைக் கொஞ்சம் குடு."

மடிப்பு கலையாத விரிப்பை மடியில் வாங்கினாள். சோப்பும் ஆவியும் கலந்த அந்த வாசனை. கை தானாக ஓரத்துக்குப் போனது. தையலின் தடிப்பு உள்பக்கம் இருந்தது. அந்தக் கூடத்தில் தையலை உள்ளே தள்ளி மடிக்கிற ஜோடி ஒன்றே ஒன்று. ஆனால் மடிப்பு கோணலாக இருந்தது. ஓரம் ஓரத்தோடு சேராமல் ஒரு விரல் விலகியிருந்தது. மூலையைப் பிரித்துப் பார்த்தாள். அங்கே கட்டைவிரல் நீளத்துக்கு, அழுந்திப்போன ஒரு குறுக்குச் சுருக்கம்.

அது என்ன சுருக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தியே ஒரு விரிப்பை மடிக்க வேண்டி வந்தால், எதிர்முனைகளை மேசை இழுப்பறையில் கவ்வக் கொடுத்து, இறுக மூடிவிட்டு, இந்தக் கோடியிலிருந்து இழுக்க வேண்டும். இழுப்பறை கவ்விய இடத்தில் அந்தத் தடம் விழும். எத்தனை தடவினாலும் போகாது. வேலையும் பாதிதான் ஆகும். நெட்டைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தபோது இவள் அப்படி மடித்திருக்கிறாள்.

"இன்னொண்ணு எடும்மா."

அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

புதுப்பெண்ணும் இல்லை, தோளில் கையும் இல்லை. இழுப்பறையோடு ஜோடி சேர்ந்து மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, ஷீட்டுல ஏதாவது கறையா?" என்று ஆயா பயந்தாள்.

"இல்லம்மா. சுத்தமா இருக்கு" என்று சொல்லி, மடிப்புக்காரி அந்த விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது தங்கச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன சொன்னாங்க?"

"நெஞ்சு நல்லாயிருக்காம்."

"நான்தான் சொன்னேன்ல. கடவுள் கைவிடல."

வாடகை வண்டியில் ஏறியதும் மடிப்புக்காரி டிரைவரிடம், "சலவைக்கூடத்துத் தெரு வழியாப் போங்க. அங்க கொஞ்சம் நிக்கணும்" என்றாள்.

தங்கச்சியின் கை இவள் முழங்கையில் இறுகியது. "எதுக்கு அக்கா? மழை. அந்த ஆவியும் சூடும் உனக்கு ஆகாது. டாக்டர்..."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு நான் கேட்டுட்டு வந்துட்டேன்."

தங்கச்சி கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியில் மழைநீர் கோடு கோடாக இறங்கியது.

சலவைக்கூடத்தின் பெரிய கதவு எப்போதும் போல முழுக்கத் திறந்திருந்தது. வெள்ளை ஆவி வெளியே வந்து மழையில் கரைந்துகொண்டிருந்தது. தங்கச்சி வண்டியைவிட்டு இறங்கவில்லை. மடிப்புக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு தனியே நடந்தாள். உருளை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஜோடி ஜோடியாகப் பெண்கள் நெருங்கி விலகி நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் நெட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு, இழுப்பறையில் முனையைச் செருகி முழங்காலால் தள்ளி மூடினாள். எதிரே, மடிப்புக்காரியின் பலகை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் ஒரு துளி பஞ்சுத்தூசி இல்லை; துடைத்திருந்தது.

மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். "அட, நம்ம குட்டை! ஏய் நெட்டை, இங்க பாரு யாரு வந்திருக்கிறதுன்னு!"

நெட்டை திரும்பினாள். ஒரு எட்டு ஓடிவந்தவள், சட்டென்று நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"பக்கத்துல வரலாமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"என்னடி கேள்வி?"

"இல்ல... என்னைப் பாத்தா உனக்கு அன்னைக்கு நோவு வந்தது ஞாபகம் வந்து, நெஞ்சு துடிச்சு நின்னுரும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு உன் தங்கச்சி... நான் பாக்கட்டுமா வேண்டாமா? சொல்லு. இல்லைன்னா நான் பின்பக்கமாப் போயிடுறேன்."

அவ்வளவு உயரமான பெண், ஒரு குழந்தை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மடிப்புக்காரியே நடந்து போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எட்டியது அதுவரைதான்.

"துடிக்குதா? துடிக்குதாடி?" என்று கேட்டுக் கேட்டு நெட்டை அழுதாள்.

"துடிச்சாத்தான்டி உசிரோட இருக்கேன்னு அர்த்தம். முண்டம்."

மேஸ்திரி ஒரு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இயந்திரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார். இவளைப் பலகைமேல் உட்காரவைத்து, நெட்டை தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்போதுதான் இருவர் தலையும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"எத்தனை தடவை வந்த?"

"முதல்ல நாலு தடவை வந்தேன். கதவைத் திறந்து, 'அக்கா தூங்குது, அக்கா அழுது, உன்னைப் பாக்கவே வேண்டாம்னு சொல்லுது'ன்னு சொன்னா. போன் பண்ணா உன் போன் செத்துக் கிடக்கு. அப்புறம் நான் உள்ள வரலை. சனிக்கிழமை சனிக்கிழமை வாசல்லயே குடுத்துட்டு வந்துருவேன்."

"என்ன குடுத்த?"

"ஆரஞ்சுதான். ஏன், குடுக்கலையா அவ?"

மடிப்புக்காரி டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். பதினைந்து சனிக்கிழமை. ஒவ்வொரு சுளையையும் வாயில் போட்டுக்கொண்டு, இந்தத் தங்கச்சிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று நினைத்திருக்கிறாள். அதே வாயால் நெட்டையைச் சபிக்காமலிருக்கப் பாடுபட்டிருக்கிறாள்.

"குடுத்தா" என்றாள். "நல்லா இனிப்பா இருந்துச்சு."

"ஜோடி சேத்துக்கச் சொல்லி மேஸ்திரி கத்துறார். இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் பிடிக்கலைன்னா அழுக்கு மூட்டை பிரிக்கிற பக்கம் அனுப்பிடுவாராம். அனுப்பட்டும். எனக்கு வேற கைக்கு நடந்து போகத் தெரியலை."

"நர்ஸ் சொன்னா, ஒழுங்கா நடந்தா ரெண்டு மாசத்துல நின்னு செய்யிற வேலைக்கு வரலாமாம்."

"மேஸ்திரி!" என்று இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள் நெட்டை. "ரெண்டு மாசம்! பலகையை எவனாவது எடுத்தான், கையை உடைப்பேன்!"

"எடுக்கலைம்மா, எடுக்கலை" என்றார் மேஸ்திரி, திரும்பாமலே. "இழுப்பறையை உடைக்காம இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து சேரும்போது மழை நின்றிருந்தது. தங்கச்சி நேரே அடுப்படிக்குப் போய், உப்பில்லாத சூப்பைச் சூடுபண்ணி, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு முக்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள்.

"உக்காரு" என்றாள் மடிப்புக்காரி.

"நிக்கிறேன்."

"ஆரஞ்சு யாரு வாங்கினது?"

தங்கச்சி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"உனக்குன்னு வாங்கினதுன்னு சொன்னியே, அதுல மட்டும் பொய் இல்ல. வாங்கினவ பேரை மட்டும் முழுங்கிட்ட. ஏன்டி? நான் என்ன குறை வச்சேன் உனக்கு?"

"நீ குறை வைக்கலை" என்றாள் தங்கச்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "முதல்ல நிஜமாவே பயந்துதான் அவளைத் திருப்பி அனுப்பினேன். வந்து ஒப்பாரி வச்சா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அப்புறம்... ஒரு வாரம் கழிச்சு நீ சுவரைப் பிடிச்சுட்டு நீயே நின்ன. ஞாபகம் இருக்கா? சிரிச்ச. அன்னைக்குத்தான் எனக்கு வேற பயம் வந்துச்சு."

"நான் நின்னதுக்கா?"

"நீ நின்னுட்டா நான் எங்க போறது? அண்ணன் வீட்ல நான் படுக்கிறது எங்க தெரியுமா? அடுப்படியில, தட்டுமுட்டுக்கு நடுவுல. விருந்தாளி வந்தா எனக்குச் சாப்பாடு கடைசி. அண்ணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு... 'ஏய்'தான். இங்க வந்தப்புறம்தான் ஒருத்தர் என்னை 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்க. நீ கேட்ட. படுத்த படுக்கையில கேட்ட. இன்னும் ஒரு மாசம் இப்படியே இருக்கட்டும், இன்னும் ஒரு மாசம்னு... அவ வந்து உன்னை நடக்க வச்சிட்டா உனக்கு நான் எதுக்கு?"

"இருன்னு நான் சொல்லியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, நீ ரெண்டு விநாடி யோசிச்சிருந்தாக்கூட நான் செத்திருப்பேன் அக்கா."

மடிப்புக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதில் இருட்டுக்குப் பயந்து தன் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிய பெண் இது. அப்போதும் இவள் எழுந்து போய்விடாமலிருக்கத்தான் சுற்றிக்கொண்டாள். அந்தப் பெண்மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்துக்கு அடியில் நாலு மாசம் கிடந்தது: ஜன்னலைப் பார்த்தபடி, யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நம்பிக் கழித்த நாலு மாசம். வெளியாள் யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இதுவோ தான் ஊட்டி வளர்த்த பிள்ளை.

"என் காலைப் பாரு" என்று சேலையை முழங்கால் வரை தூக்கினாள். "குச்சி மாதிரி ஆயிடுச்சு. நெஞ்சு நோவு செஞ்சதில்ல இது."

தங்கச்சி அந்தக் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நான் காலையில போயிடுறேன். என்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லு."

"வாய்க்கு வரலைடி. வராததைச் சொன்னா அதுவும் ஒரு பொய். இந்த வீட்ல இனி பொய் வேண்டாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ எங்கயும் போக வேண்டாம். உன் பை இங்கயே இருக்கட்டும். நான் வேலைக்குப் போனாலும் நீ இங்கதான். உன்னைப் போகச் சொல்லி நான் நல்லாயிட்டா, அந்த நல்லது எனக்கு ஒட்டாது. ஆனா இனி இந்தக் கதவை நான் திறப்பேன். யார் தட்டினாலும் நான்தான் திறப்பேன். கேட்டுச்சா?"

மூடிய கைகளுக்குள்ளிருந்து தலை அசைந்தது.

மடிப்புக்காரி ஆறிப்போன சூப்பை எடுத்துக் குடித்தாள். உப்பில்லாதது வழக்கம்தான், அன்றைக்கு அதில் எதுவுமே இல்லாதது போலிருந்தது. முழுதும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீ சாப்பிட்டியா?" என்று நாக்கு நுனி வரை வந்தது. நாலு மாசமாகத் தினமும் தவறாமல் கேட்ட கேள்வி. அன்றைக்கு அது வெளியே வர மிகவும் சிரமப்பட்டது. வந்ததும், தங்கச்சி விம்மத் தொடங்கினாள்.

மறுநாள் விடுமுறை. வெயில் அடித்தது. தங்கச்சி வழக்கம் போல மாத்திரைகளை உள்ளங்கையில் எண்ணிவைத்து, தண்ணீரோடு வந்து நின்றாள். மடிப்புக்காரி வாங்கிக்கொண்டாள். வாங்கியவள், அட்டையைக் கேட்டு, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. நிமிர்ந்தபோது தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.   விழுந்த தடம் விழுந்ததுதான்.

தங்கச்சி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

தங்கச்சி பழக்கத்தில் முக்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் அக்காவைப் பார்த்து, மெல்ல மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு, வழியை அடைக்காதிருக்க, முக்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

மடிப்புக்காரி நாற்காலியின் கையை ஊன்றி நின்றாள். நாற்காலியிலிருந்து கதவுக்குப் பதினொரு எட்டு. உட்கார்ந்தபடியே தரையைப் பார்த்துப் பார்த்து எத்தனையோ தடவை மனசால் நடந்து எண்ணியிருக்கிறாள். நாலு எட்டில் தொடை நடுங்கியது. ஏழாவது எட்டில் மூச்சு முட்டியது. சுவரில் கையை வைத்து நின்றாள். தங்கச்சி பிடிக்க ஓடிவரவில்லை. முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே இரண்டாவது தடவை யாரும் தட்டவில்லை. கதவோடு வாயை வைத்துச் சொன்னது போல ஒரு குரல் மட்டும் வந்தது.

"மெதுவா வாடி. நான் எங்கயும் போகலை."

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றாவது எட்டில் தாழ்ப்பாள் கைக்கு எட்டியது.